மொட்டுக்குள் வைத்தது

“இந்த வருசம் டீச்சர் வாசல்ல பேச்சியோட கொத்துதானாம்லா.”

குழலி படியில் ஒற்றைக் காலில் நின்றாள். மறுகால் செருப்பு பாதி கழன்றிருந்தது.

“அப்போ குழலி அக்கா கொத்து?” என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

“அவளுக்கென்ன, ஜன்னலப் பாத்து உக்காந்திருப்பா. முதுகுக்கு என்ன தெரியப்போகுது?”

அது வடிவின் குரல். சிரிப்பும் அவளுடையதுதான். சோடாவைத் திறந்த மாதிரி வரும்.

குழலி செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். சத்தமில்லாமல் கீழே இறங்கினாள். கடைசிப் படியில் நின்று பலமாக இருமினாள். பிறகு புதிதாக வருகிறவள் போல மேலே ஏறினாள்.

உள்ளே எல்லோரும் குனிந்து இதழ் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

தென்காசியில் ஓர் உரக்கடை மாடியில் ஆவுடை டீச்சரின் வீடு. கூடத்தில் வகுப்பு. படியேறும்போது யூரியா வாசம், மேலே வந்தால் மைதாப் பசை வாசம்.

எந்த மாசமும் அங்கே காகிதப் பூதான். வேப்பம்பூ, முருக்கம்பூ, செண்பகம். சித்திரை விசு நெருங்கிவிட்டால் கொன்றை மட்டும். மரத்துக் கொன்றை பறித்த மறுநாளே உதிர்ந்துவிடும். காகிதக் கொன்றை வருசம் முழுக்க வீட்டில் தொங்கும்.

டீச்சருக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. அல்லது பிடிக்காது. ஒரு பூவைச் செய்து கையில் கொடுப்பாள்.

“பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தவர் திரும்பச் சேர்க்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

டீச்சருக்குக் குழலியின் கடைசித் தங்கை வயதுதான். குழலி அவளை டீச்சர் என்பாள். டீச்சர் அவளை அக்கா என்பாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

விசு அன்று விடிகாலையில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே கூடத்துக்கு வருவாள். வாசல் நிலையில் ஒரு கொன்றைக் கொத்து தொங்கும். அதன் கீழே தட்டில் மாம்பழம், அரிசி, கண்ணாடி. அங்கே வந்து நின்றுதான் கண்ணைத் திறப்பாள். புது வருசத்தில் டீச்சரின் கண்ணில் முதலில் படுவது அந்தக் கொத்து.

மாணவிகளில் ஒருத்தி செய்த கொத்தைத்தான் தொங்கவிடுவாள். குழலி வந்து சேர்ந்ததிலிருந்து அது குழலியின் கொத்து.

வீட்டுக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்துப் பேசி வெகுகாலம் ஆகிறது. மகன் போனைப் பார்த்துப் பேசுவான். வருசத்தில் ஒரு விடியலில், தான் செய்த ஒன்றின்மேல் ஒரு ஜோடிக் கண் முதன்முதலாகத் திறக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே குழலி மற்ற நாட்களில் சோறு வடிப்பாள்.

*

ஜன்னலைப் பார்த்து உட்காருவதற்குக் காரணம் இருந்தது.

குழலிக்கு இடது கை.

சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் இடது கையால் அப்பளத்தை எடுத்தாள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “பீச்சாங்கையால திங்கா பாரு,” என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தக் கையைச் சேலைக் கிழிசலால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

கை பழகிக்கொண்டது. சாப்பிட, எழுத, கொடுக்க, வாங்க, குங்குமம் வைக்க எல்லாவற்றுக்கும் வலது கை வந்துவிட்டது. காகிதத்துக்கு மட்டும் வரவில்லை. கம்பியைப் பிடித்து, பச்சை டேப்பை இழுத்துச் சுற்ற இடது கைதான் முந்திக்கொண்டு போகும்.

முதல் நாளே கேட்டாள். “டீச்சர், நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடட்டுமா?”

டீச்சர் அவள் கைகளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

“வெளிச்சம் நல்லா வரும்க்கா.”

அன்றிலிருந்து ஜன்னலோரம் அவளுக்கு ஒரு ஸ்டூல். கூடத்துக்கு அவள் முதுகு. யாராவது அருகில் வரும் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொள்வாள். தன் பூவைப் பிரித்துப் பார்க்க அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

அடுத்தவர் பூவைப் பிரிப்பதில்தான் ஆரம்பத்தில் கஷ்டப்பட்டாள். விரல் தன் வழக்கப்படி திருகும். டேப் அவிழாமல் இறுகும். தாள் கிழியும். மெல்ல மெல்லக் கை தெரிந்துகொண்டது. அடுத்தவர் பூ என்றால் எதிர்ப்பக்கம் திருக வேண்டும்.

வீட்டில் ஆளில்லாத மதியங்களில் பீரோக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூ சுற்றுவாள். கண்ணாடிக்குள் இருப்பவள் வலது கையால் சுற்றுவாள். அழகாகச் சுற்றுவாள். யார் எதிரிலும் உட்காரலாம் அவள்.

குழலிக்கு அவள்மேல்கூடப் பொறாமைதான்.

*

பேச்சி போன ஆனியில் வந்து சேர்ந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். ஒல்லி. மாமியார் கொடுத்த பெரிய கம்மல் அவள் காதை இழுத்துக்கொண்டிருக்கும்.

“பேருதான் பேச்சி, ஒரு பேச்சையும் காணோம்,” என்று வடிவு முதல் நாளே சொன்னாள்.

பேச்சி அதற்கும் சிரித்தாளே தவிரப் பேசவில்லை.

பாயில் இடமிருந்தது. அவள் பாயில் உட்காரவில்லை. குழலிக்குப் பின்னால் தாள் சுருள் வைக்கும் மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தினமும் அங்கேதான்.

முதலில் குழலிக்கு அவளைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. கம்பி பிடிக்கவே தெரியாதவள். டேப் சுற்றத் தொடங்கினால் கை நடுங்கும். ஆடி முடிவதற்குள் வலது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தாள். புரட்டாசியில் ஆள்காட்டி விரலிலும்.

“ஏளா, பூ சுத்துதியா, விரலச் சுத்துதியா?” என்றாள் வடிவு.

குழலி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

தையில் பேச்சியின் செண்பகம் ஒன்று சுற்றுக்கு வந்தது. கையிலிருந்து கைக்குப் போய்க் குழலியிடம் வந்தது. குழலி வலது கையால் வாங்கினாள். குறை தேடினாள். இதழ் ஓரத்தில் தேடினாள். காம்பில் தேடினாள்.

“பரவால்ல,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்று இரவு ரசத்துக்கு உப்புப் போட மறந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. டீச்சர் டீ கொடுக்கும்போது பேச்சியின் டம்ளரில் விளிம்புவரை இருந்தது. நல்ல மஞ்சள் தாள் வந்த அன்று சுருள் முதலில் பேச்சியிடம் போனது. பேச்சி வராத நாளில் டீச்சர் படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தான் வராத நாளில் எட்டிப் பார்ப்பாளா? வராமல் இருந்து பார்க்கவும் முடியாது. இருந்து பார்க்கவும் முடியவில்லை.

பங்குனியில் கொன்றை தொடங்கியது.

கொன்றை நுனியிலிருந்து தொடங்கும். முதலில் சின்ன மொட்டு, அடுத்து பெரிய மொட்டு, அப்புறம் பாதி விரிந்தது, மேலே முழுப்பூ. ஒவ்வொன்றாக நடுக்கம்பியில் வைத்து டேப்பால் சுற்றிக்கொண்டே போக வேண்டும். மொட்டு உருண்டையாக நிற்க உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். டீச்சர் காகிதத்தைக் கசக்கி வைப்பாள். குழலிக்கு அவளே கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது. இலவம்பஞ்சு. துணிப்பையில் வைத்திருப்பாள். ஒரு கிள்ளு எடுத்து, முந்தானைக்குள் கையை விட்டு, மொட்டைக் கட்டிவிடுவாள்.

பின்னாலிருந்து பேச்சி வாயைத் திறந்தாள். அவள் குரலைக் குழலி அன்றுதான் சரியாகக் கேட்டாள்.

“அக்கா, மொட்டுக்குள்ள என்ன வைப்பீங்க?”

“டீச்சர்ட்ட கேளு.”

“டீச்சர் வைக்கது தெரியும்க்கா. நீங்க வைக்கது?”

“அது கை வாகு. சொன்னால்லாம் வராது.”

குழலி முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நேற்று எல்லோருடைய கொத்தையும் கூடத்துக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். டீச்சர் மின்விசிறியைப் போட்டாள். வழக்கம்தான். காற்றில் கொத்து எப்படி ஆடுகிறது என்று பார்ப்பாள்.

குழலியின் கொத்து ஆடியது. மொட்டெல்லாம் ஒரே எடை, ஒரே வளைவு. மொத்தமாக இந்தப் பக்கம், மொத்தமாக அந்தப் பக்கம். அழகுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற அழகு.

பேச்சியின் கொத்தில் ஒரு மொட்டு தாழ்ந்து தொங்கியது. பக்கத்து மொட்டு காற்று பட்டதுமே துள்ளியது. இன்னொன்று யோசித்து அசைந்தது. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஆடியது. ரயில்வே ரோட்டில் பூத்துக் கிடக்கும் கொன்றை அப்படித்தான் ஆடும்.

குழலி ஒவ்வொரு வருசமும் அந்த மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறாள். அது மட்டும் அவளுக்குக் கைவந்ததில்லை.

டீச்சர் மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டாள்.

*

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சாயங்காலம் வந்து அவரவர் கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். விடிந்தால் விசு.

குழலி எழுந்திருக்கவில்லை.

டீச்சர் பாயைச் சுருட்டினாள். துண்டுத் தாள்களைக் கூட்டினாள். விளக்குமாறு ஸ்டூல் பக்கம் வந்தது.

“சாப்பிடப் போகலியாக்கா?”

“அவளுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்?”

விளக்குமாறு நின்றது.

“யாருக்கு?”

“யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

“நான் பேச்சிக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியேக்கா.”

“இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியும்.”

டீச்சர் மிச்சக் குப்பையையும் கூட்டினாள். முறத்தில் அள்ளினாள்.

“இத்தன வருசம் உங்க வாசல்ல என் கொத்து தொங்குச்சு,” என்றாள் குழலி. “நான் ஒண்ணும் கேக்கல. என்னட்ட இல்லாதது அவட்ட என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன். நாளையிலருந்து வரல.”

டீச்சர் முறத்தைக் கீழே வைத்தாள். கயிற்றிலிருந்து பேச்சியின் கொத்தை அவிழ்த்தாள். கொண்டுவந்து குழலியின் மடியில் வைத்தாள்.

“பிரிச்சுப் பாருங்க.”

குழலி நிமிர்ந்தாள்.

“இதையா? நாளைக்குத் தொங்கவிடணும்லா?”

“ஆமா.”

“அவ அழுவா டீச்சர்.”

“அழுவா.”

“நெசமாவா சொல்லுதீங்க?”

“பிரிச்சவங்க சேக்கணும். அது எப்பவும் உள்ளதுதான்.”

டீச்சர் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

*

மடியில் கொன்றை கிடந்தது. தூக்கினால் மஞ்சள் மழை நின்று போன மாதிரி இருந்தது. இன்னொருத்தி செய்தது இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று இருந்தது.

பிரிப்பதற்குக் கை துடித்தது. அது குழலிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் துடித்தது.

காம்பின் மேல்முனையில் டேப் முடியும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். அடுத்தவர் பூ. கை பழகியபடி எதிர்ப்பக்கம் திருகினாள்.

இறுகியது.

“சுத்தத் தெரியல, முடிச்சுப் போட்டு வச்சிருக்கா,” என்று முணுமுணுத்தாள். மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

இன்னும் அழுத்தித் திருகினாள். டேப் கிழிந்தது.

அலுத்துப்போய்க் கையைத் தளர்த்தினாள். விரல் தானாகத் தன் வழக்கத்துக்குத் திரும்பியது.

டேப் அவிழ்ந்தது.

வெண்ணெய் உருகுவதுபோல அவிழ்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. இத்தனை வருசத்தில் அடுத்தவர் பூ ஒன்றுகூட அவள் கைக்கு இப்படி அவிழ்ந்ததில்லை. அவள் பூ மட்டும்தான் அவிழும்.

குழலி நிறுத்தினாள்.

கயிற்றில் தொங்கிய தன் கொத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு காம்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டிலும் டேப் ஒரே பக்கம் சாய்ந்து ஏறியது. வடிவின் கொத்தைப் பார்த்தாள். அது மறுபக்கம் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் கொத்தும் அப்படித்தான்.

“டீச்சர்!”

“என்னக்கா?” அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“பேச்சிக்கு இடது கையா?”

“இல்ல. சோத்தாங்கைதான்.”

“பெறகு ஏன் இப்படிச் சுத்திருக்கா?”

“பால் பொங்குதுக்கா, இருங்க.”

குழலி காத்திருந்தாள். டீச்சர் வரவில்லை.

மேலும் பிரித்தாள். இப்போது மெதுவாகப் பிரித்தாள். டேப்பின் உள்பக்கம் ஆங்காங்கே வழுக்கிப் பிசகியிருந்தது. வலது கையை அதன் போக்குக்கு எதிராகத் திருப்பிச் சுற்றினால் அப்படித்தான் வழுக்கும். வழுக்கிய இடங்களில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பொட்டு. பசைக் கறை என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள்.

பசை இல்லை. காய்ந்த ரத்தம்.

முழுப்பூக்கள் முடிந்தன. மொட்டு வந்தது. ரகசியம் இதற்குள்தான் இருக்க வேண்டும். டீச்சர் தனியாக எதையோ கொடுத்திருப்பாள். கட்டை அவிழ்த்தாள்.

உள்ளே புழுங்கலரிசி ஒன்று.

அடுத்த மொட்டில் நூல் பந்து.

அடுத்ததில் மிளகு. அடுத்ததில் கிழிந்த ரவிக்கைத் துணி. அதற்கடுத்ததில் வேப்பங்கொட்டை. பிறகு கடலைத் தோல். ஒன்றில் கம்மல் திருகாணி இருந்தது. நுனியில் இருந்த கடைசி மொட்டில் ஒன்றுமே இல்லை. ஊதி வைத்த காற்று மட்டும்.

எல்லாவற்றையும் குழலி முந்தானையில் வரிசையாக வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

படியில் சத்தமில்லாமல் வந்து நின்றது பேச்சிதான்.

ஸ்டூலைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்தாள். கயிற்றில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் வழியவில்லை.

“சரியில்லையாக்கா?”

குழலி விரித்த முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“மொட்டுதானே? எனக்கே தெரியும்க்கா.” பேச்சி மூக்கை உறிஞ்சினாள். “நீங்க உள்ள என்ன வைக்கீங்கன்னு தெரியல. முந்தான மறைச்சிருச்சு. அதான் வீட்ல இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தேன். எதுவும் உங்களது மாதிரி நிக்கல. ஒண்ணு தொங்குது, ஒண்ணு ஆடுது. நல்லால்லன்னு டீச்சர்ட்ட சொன்னேன். அவுங்க கேக்கல.”

“திருகாணி?”

“அது தெரியாம விழுந்துருச்சுக்கா. அத்தைக்குத் தெரியாது.”

குழலி திருகாணியை எடுத்து நீட்டினாள். வலது கையால் நீட்டினாள். பேச்சி வாங்கிக்கொண்டாள். விரலில் சுற்றிய துணி அழுக்கேறி இருந்தது.

“ஏன் டேப்ப இப்படிச் சுத்துத?”

“எப்படிக்கா?”

“இந்தப் பக்கமா.”

பேச்சிக்குப் புரியவில்லை. “நீங்க இப்படித்தானே சுத்துவீங்க?”

“கை வலிக்கலியா?”

“வலிக்கும்.”

“பெறகு?”

“உங்களுக்கும் வலிக்கும்னு நெனச்சேன். வலிக்கத்தான் செய்யும்போல, பொறுத்துக்கிட்டாத்தான் அந்த மாதிரி வரும்போலன்னு.” கொஞ்சம் யோசித்தாள். “உங்களுக்கு வலிக்காதாக்கா?”

குழலி ஜன்னலைப் பார்த்தாள்.

“டீச்சரப் பாத்துச் செய்ய வேண்டியதுதானே பிள்ள? அவங்க முன்னாலதான உக்காந்திருக்காங்க.”

“டீச்சரப் பாத்து வரலியேக்கா நான்.”

“பெறகு?”

“போன விசு முடிஞ்சு இங்க ஒரு தோரணம் வாங்க வந்தேன், அத்தைகூட. வாசல்ல இதுதான் தொங்குச்சு.” நிலையில் வெளுத்துக் கிடந்த பழைய கொத்தைக் காட்டினாள். “நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அத்தை திட்டிட்டு இறங்கிப் போய்ட்டாங்க. இத யாரு செஞ்சதுன்னு டீச்சர்ட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உங்க முதுகக் காட்டுனாங்க.”

*

டீச்சர் டீ கொண்டுவந்தாள். மூன்று டம்ளரிலும் விளிம்புவரை இருந்தது. தரையில் கிடந்ததை அவள் பார்க்கவே இல்லை. டம்ளர்களை வைத்துவிட்டு, தன் டம்ளரோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

குழலி நடுக்கம்பியைக் கையில் எடுத்தாள். வெறுங்கம்பி.

பேச்சி வழக்கம்போல மரப்பெட்டிமேல் ஏறப் போனாள்.

“உள்ள இலவம்பஞ்சு வைப்பேன்,” என்றாள் குழலி. திரும்பாமல் சொன்னாள். துணிப்பையை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

பேச்சி பையைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “இதுவாக்கா? இவ்ளோதானா? இப்போ இதையே வச்சிருவோமா?”

“வேண்டாம்.”

“ஏங்க்கா?”

குழலி முந்தானையில் இருந்த வரிசையைப் பார்த்தாள். அரிசி, நூல் பந்து, மிளகு, துணி, வேப்பங்கொட்டை, கடலைத் தோல்.

“எது எதுக்கு மேல இருந்துச்சுன்னு நீ சொல்லு. எனக்குத் தெரியல.”

“நெசமாவா கேக்கீங்க?”

“சொல்லு.”

“கடைசி மொட்டுல ஒண்ணும் இல்லக்கா. வைக்கதுக்கு வீட்ல வேற எதுவும் கிடைக்கல. ஊதிட்டுக் கட்டிட்டேன்.”

“அத எப்படிக் கட்டுன, காத்து போகாம?”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டு.”

சுவரோரம் டீச்சர் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பேச்சி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். குழலியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். துணி சுற்றிய விரலால் டேப்பைப் பிடித்து, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிக்கொண்டாள். வலியில் உதட்டைக் கடித்தது ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது.

இத்தனை மாதமும் அது அங்கே தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

கீழே படியில் பேச்சுக்குரல் கேட்டது. வடிவு. கூட நாலைந்து பேர். சோடா திறந்த சிரிப்பு ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தது.

குழலியின் கை முந்தானைக்குப் போனது.

அதில் இருந்த அரிசியையும் மிளகையும் மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கி, கூடத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். பேச்சியை மரப்பெட்டியிலிருந்து இறக்கி, கண்ணாடியில் தெரிகிறவள் போலத் தனக்கு நேர் எதிரே பாயை விரித்து உட்காரவைத்தாள். அவள் மணிக்கட்டை நிமிர்த்திவிட்டாள்.

முதல் செருப்பு வாசலில் விழுந்தது.

குழலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டேப்பை இடது கையில் எடுத்தாள்.